‘கோகோ’ படத்தை வீட்டுப் பெரியவர்களோடு பார்ப்பது எப்படி

பிக்சார் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘கோகோ’, மெக்சிகோ மக்கள் ஆண்டுதோறும் நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் இறந்தோரை வீட்டுக்கு வரவேற்கும் வழக்கத்தின் மேல் எழுப்பப்பட்ட அனிமேஷன் படம். ஐந்து தலைமுறைகளின் கதையாதலால், பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போகாமல், அப்பாரும் அப்பத்தாவும் உடனிருக்கப் பார்ப்பதே முறை. மகாளய அமாவாசையை ஒட்டி வரும் காலாண்டு விடுமுறை அதற்கு நல்ல தருணம். படம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும்.

திரை முழுக்க எலும்புக்கூடுகள் நடமாடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெக்சிகோவில் அந்நாள்களில் மண்டையோட்டு வடிவில் சர்க்கரை மிட்டாய் செய்வார்கள் என்று சொன்னால் பிள்ளைகளின் பயம் தெளியும். ‘நல்ல நாளும் அதுவுமாக இதென்ன’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கும் அது போதும். நஞ்சு கொடுக்கும் காட்சியும் மணி விழுந்து ஒருவர் இறக்கும் காட்சியும் உள்ளதால், மிகச் சிறிய பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம்.

பவானி கூடுதுறையிலோ பேரூரிலோ எள்ளும் நீரும் இறைப்பதும், காக்கைக்குச் சோறு வைப்பதும் கண்ட பிள்ளை, ‘இதுவும் அதுதானா?’ என்று நிச்சயம் கேட்கும். ஆமென்று சொல்லிச் சுருக்கிவிடாதீர்கள். அங்கே இறந்தவரின் நிழற்படத்தை மேடையில் வைத்து, அவர் விரும்பிய உணவைப் படைத்து, அவர் வழி தவறாமல் வருவதற்காகப் பூவிதழ்களைத் தூவுகிறார்கள். படம் வைக்கப்படாதவர் எல்லையைக் கடக்க முடியாது என்பது கதையின் விதி. படத்தில் பாலமாகவே விரியும் அந்தப் பூ, சத்தியமங்கலத்துத் தோட்டங்களில் விளையும் நம் செண்டுமல்லிதான். அதன் தாயகமே மெக்சிகோ என்பதைச் சொல்லிப் பாருங்கள், பூ கட்டும் பெரியவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சிறுவன் மிகெல் கித்தாரை மீட்டி மறு உலகுக்குள் நுழையும் இடத்தில் ஒருமுறை நிறுத்தி, உறவுமுறைகளை விளக்குங்கள். நினைப்பதற்கு ஆளின்றி ஒருவர் மறையும் காட்சியில் நிறுத்தவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம்.

முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பெரியவர்கள் சொல்லச் சொல்ல முன்னோர் பெயர்களைப் பிள்ளைகளையே எழுதச் செய்யுங்கள். அப்பாரு வழியில் பெயர்கள் தடையின்றி வரும். மணமாகி வந்த பெண்களின் பெயர்தான் பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு மேல் எட்டாது. ஆகவே அவர்களிலிருந்தே தொடங்கி, பிறந்த ஊர், செய்த வேலை, கச்சாயமோ ஒப்பிட்டோ விரும்பிச் சாப்பிட்ட பண்டம் ஆகியவற்றையும் கேளுங்கள். அம்மாயி வீட்டுக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சுவரில் மாட்டியுள்ள பழைய நிழற்படங்கள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல், வெளிச்சம் எதிரொளிக்காத கோணத்தில் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சட்டத்தின் பின்பலகையில் பெயரைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.