ஊர் அணிக்கு ஓர் ஆட்டமுறை அமைப்பது எப்படி?

முதல் வேலை மைதானத்தில். பந்தும் வேண்டாம், வீரர்களும் வேண்டாம். மாலையில் தனியாகப் போய், கோட்டுக்குக் கோடு நடந்து அளந்து பாருங்கள். விதிப்படி கால்பந்து மைதானத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையும், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையும் இருக்கலாம். எவ்வளவு தாராளமான விதி பாருங்கள்! 50 மீட்டர் அகலத்தில் ஆடுவதும் 75 மீட்டர் அகலத்தில் ஆடுவதும் ஒரே விளையாட்டு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். செட்டிநாட்டுப் பக்கம் எங்களுக்குக் கிடைப்பது பள்ளிக்கூட மைதானம், இல்லையென்றால் கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டல். ஒரு பக்கம் சுற்றுச்சுவர், மறுபக்கம் சீமைக்கருவேல். அகலத்துக்கு வழியே இல்லை.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். மாலையில் ஊர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர், காரைக்குடி, தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் ஆடுகிற சாதாரண அணிதான். பக்கத்து ஊர்களில் புதிதாக அணி தொடங்குகிற பையன்கள், "அண்ணே, எங்களுக்கென்று ஓர் ஆட்டம் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். தரையிலிருந்து என்பதுதான் என் பதில்.

எங்கள் தரை செம்மண்ணும் சரளையும். மழை பெய்த மறுநாளைத் தவிர மற்ற நாள்களில் பந்து எங்கே எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முதல் மருந்து காற்றடிப்பதில் இருக்கிறது. விதி அனுமதிக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 பவுண்டு வரை. சைக்கிள் கடைப் பையன் விரல் அமுங்காத அளவுக்கு அடித்துக் கொடுப்பான். அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். கடினத் தரைக்கு 9 பவுண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பந்து துள்ளுவது கண்கூடாகக் குறையும். அளவுமானி உள்ள பம்பு ஒன்றை அணிப் பணத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கோல்கள் கிழக்கு மேற்காக நிற்கும் மைதானமானால் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019-இல் விதி மாறியதிலிருந்து, டாஸில் வென்றவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது முதலில் பந்தை உதைக்கும் உரிமையைக் கேட்கலாம். பக்கத்தையே கேளுங்கள். நாலரை மணி ஆட்டமென்றால் முதல் பாதியில் கிழக்குக் கோலை நாம் காக்க வேண்டும். நம் கோல்கீப்பருக்கு அப்போது வெயில் எதிரில்தான் இருக்கும், ஆனால் உயரத்தில் இருக்கும். இடைவேளைக்குப் பிறகு அது இறங்கி நேராகக் கண்ணில் குத்தும்போது, அந்தக் கோலில் நிற்பவர் எதிரணிக்காரர்.

அடுத்தது ஆட்கள். அணியில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இடத்தில் ஆட ஆசை என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பதினாறு பேரும் முன்கள வீரர்கள்தான். எங்கள் பட்டியலில் ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யும் இருவர் இருக்கிறார்கள், கல்யாண சமையலுக்குப் போகும் பையன்கள் இருக்கிறார்கள், மீதிப்பேர் அழகப்பா கல்லூரி மாணவர்கள். ஓடு செய்கிறவர்கள் பகல் முழுவதும் உட்கார்ந்தபடி கண்ணாடியின் மேல் சாயக் கலவையை ஊற்றிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுடைய இடுப்பும் தொடையும் இளகவே கால் மணி நேரம் ஆகும். ஆட்டம் தொடங்கியதும் பாய்ந்து நெருக்குகிற வேலையை அவர்களிடம் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் பொறுமையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நடுப் பின்களத்தில் நிறுத்திப் பாருங்கள், பந்து வருமுன் பதறமாட்டார்கள்.

மூட்டை தூக்கும் தம்பி ஒருவன் த்ரோ-இன் எறிவதை, அதாவது ஓரக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவதைச் சொல்ல வேண்டும். பந்தை முதலில் துண்டால் துடைப்பான். செம்மண் தூசி இருந்தால் கை வழுக்கும். நான்கு எட்டுப் பின்னால் போவான். இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால், பந்து கிட்டத்தட்டப் பிடரியில் இருக்கும். எறியும்போது இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் கடைசி எட்டில் பின்காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு வருவான், மண்ணில் ஒரு கோடு விழும். பந்து தாழ்வாக நேரே கோல் வாசலுக்கு வந்து இறங்கும். த்ரோ-இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (எதிரணிப் பின்களத்தைத் தாண்டி நிற்கும் தவறு) கிடையாது என்பதால், நம் ஆள் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னாலேயே நிற்கலாம். யார் மீதும் படாமல் வலைக்குள் போனால் கோல் ஆகாது என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அகலமான மைதானத்தில் இவனுடைய எறி பாதி வழியில் செத்துப்போகும். எங்கள் குறுகிய மைதானத்தில் அது கார்னர் கிக்குக்குச் சமம்.

இங்கிலாந்தில் ஸ்டோக் சிட்டி 2008-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்தபோது இதைத்தான் செய்தது. ரோரி டெலாப் என்ற வீரர், பள்ளி நாள்களில் ஈட்டி எறிந்தவர், ஓரக்கோட்டிலிருந்து எறிந்த பந்துகளைப் பார்த்துப் பெரிய பெரிய அணிகள் நடுங்கின. பந்தைத் துடைக்க ஓரத்தில் துண்டு வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் டோனி புலிஸ் தம் சொந்த மைதானத்தின் கோடுகளையே குறுக்கினார். அழகில்லாத ஆட்டம் என்று பத்திரிகைகள் ஏசின, ஏசட்டும். கையில் இருந்ததைக் கொண்டு ஆடினார்கள், லீக்கில் நிலைத்தார்கள்.

இந்த இடத்தில் எல்லாப் பையன்களும் பார்சிலோனா பேச்சை எடுப்பார்கள். குட்டிக் குட்டி பாஸ் கொடுத்து ஆடலாமே என்பார்கள். நானும் அந்த அணியின் ரசிகன்தான். ஆனால் யோஹன் கிராய்ஃப் பயிற்சியாளராக இருந்த 1988 முதல் 1996 வரையிலான காலத்தில் வேரூன்றிய ஆட்டம் அது. அந்தக் கழகத்தின் லா மாசியா பயிற்சி விடுதி 1979-லேயே திறக்கப்பட்டு, சிறுவயதிலிருந்து பையன்களை அதே பாணியில் வளர்த்தது. 2012 நவம்பரில் லெவாண்டேவுக்கு எதிரான ஆட்டத்தில், களத்தில் நின்ற பதினொரு பேரும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்களாக இருந்த நேரமும் உண்டு. நம் அணியிலோ பத்தொன்பது வயதில் முதல்முறையாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சரளைத் தரையில் ஐந்தாவது பாஸ் முழங்காலில் பட்டு எதிரியிடம் போய்ச் சேரும்.

நமக்கு வேண்டியது, வந்து போகிற ஆட்களும் சீக்கிரம் கற்றுக்கொள்ளக்கூடிய முறை. வந்து போகிற ஆட்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், முகூர்த்த மாதங்களில் சமையல்காரப் பையன்கள் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. அதற்குப் போகாதே என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவர்கள் உண்டு. ஆகவே 4-4-2. நால்வர் நால்வராக இரண்டு வரிசை, முன்னால் இருவர். வரிசை இரண்டும் நெருங்கி நிற்க வேண்டும், நடுவழியை அடைக்க வேண்டும். பயிற்சியாளர் சிமியோனே 2011 டிசம்பரில் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு வந்து இந்த வடிவத்தைக் கொண்டே 2013-14 ஸ்பானிய லீக்கை வென்றார். கடைசி நாள் பார்சிலோனாவின் மைதானத்திலேயே 1-1 என்று சமன் செய்து கோப்பையைத் தூக்கினார்கள். அவர்களுடைய அந்த ஒரு கோலும் கார்னர் கிக்கிலிருந்து கோடின் என்ற பின்களக்காரர் தலையால் முட்டியது.

இதைக் கற்றுக்கொடுக்க ஓட வேண்டியதில்லை. ஆலையில் நெல் உலர்த்தும் சிமெண்ட் களம் காலியாக இருக்கும் நாளில் அணியை அங்கே கூட்டிப் போகிறேன். களத்தில் பலகை பலகையாக வார்த்த சிமெண்டின் இணைப்புக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, அவைதாம் எங்களுக்கு அளவுகோல். முன்னால் நிற்கும் முன்கள வீரருக்கும் கடைசிப் பின்களக்காரருக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது மிலான் அணியைப் பயிற்றுவித்த அரிகோ சாக்கியின் கணக்கு. அவர் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை, செருப்பு விற்றவர். அவருடைய மிலான் 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கணக்கெழுதுகிறவன் பயிற்சியாளராக இருக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் போதும்.

பயிற்சி இப்படி: சாக்குத் தைக்கும் சணல் கயிற்றில் எட்டு மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பின்வரிசை நால்வரும் பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து ஆளுக்கொரு நுனியாகக் கையில் பிடிக்க வேண்டும். இடுப்பில் கட்டாதீர்கள், ஒருவன் விழுந்தால் நால்வரும் விழுவார்கள். பந்து இல்லாமல் நான் "இடது" என்றால் எல்லோரும் இடப்பக்கம் நகர வேண்டும், "பின்னால்" என்றால் பின்னால். கயிறு தரையில் தொய்ந்தால் அதிகம் நெருங்கிவிட்டார்கள். கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டால் விலகிவிட்டார்கள். நடை மட்டும்தான், சிமெண்டில் ஓட வேண்டாம், முழங்கால் போய்விடும். ஒரு மாதம் இதைச் செய்த பிறகு கயிறில்லாமலே அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். புதிதாக வருகிறவனையும் இரண்டு பழைய ஆட்களுக்கு நடுவில் நிறுத்தினால் போதும், கயிறு அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.

எதிரியைத் துரத்தி நெருக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சியாளர் கிளாப் இங்கிலாந்தின் லிவர்பூலில் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இங்கே சித்திரை வெயிலில் தொண்ணூறு நிமிடமும் ஓடச் சொன்னால் அது பயிற்சியல்ல, பாவம். இரண்டு தருணங்களில் மட்டும் நெருக்குங்கள்: எதிரணிப் பின்களக்காரர் தம் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கும்போதும், பந்து தப்பாகத் துள்ளி அவர் காலைவிட்டு விலகும்போதும். இரண்டாவது எங்கள் தரையில் அடிக்கடி நடக்கும். மற்ற நேரமெல்லாம் வரிசைக்குத் திரும்பி மூச்சு வாங்க வேண்டும்.

இவ்வளவும் ஆட்டமுறை. அடையாளம் வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோவைப் பாருங்கள். 1898-இல் தொடங்கிய கழகம். 1912 முதல் பாஸ்க் பகுதியைச் சேர்ந்தவர்களையும் அங்கே வளர்ந்தவர்களையும் மட்டுமே ஆட வைப்பது அவர்கள் மரபு. ஆட்டம் பலமுறை மாறியிருக்கிறது. உயரப் பந்து அடித்து முட்டி மோதி ஆடியதும் அதே கழகம்தான். 2011-இல் பயிற்சியாளர் பியெல்சா வந்த பிறகு ஓயாமல் துரத்தி ஆடி 2012 யூரோப்பா லீக் இறுதிப் போட்டிவரை போனதும் அதே கழகம்தான். யார் ஆடுவது என்பது மட்டும் மாறவில்லை. 1929-இல் லீக் தொடங்கிய நாளிலிருந்து ரியல் மாட்ரிட், பார்சிலோனாவோடு சேர்ந்து முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று கழகங்களில் அதுவும் ஒன்று. 2024-இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பானிய அரசர் கோப்பையை வென்றார்கள்.

கையில் இருப்பதை வைத்துச் செய்வது ஆட்டமுறை. கைக்கு எட்டினாலும் வேண்டாம் என்று விடுவது அடையாளம். எங்கள் பக்கத்தில் அந்தச் சோதனை திருவிழாத் தொடர்களில் வரும். பரிசுத்தொகை பெரியதாக இருந்தால் வெளியூரிலிருந்து நான்கைந்து பேரைக் காசு கொடுத்து இறக்குவது பலர் செய்கிற காரியம். பஸ் செலவும் சாப்பாடும் கொடுத்தால் வந்து ஆடிவிட்டு அன்றிரவே போய்விடுவார்கள். நாங்கள் இறக்குவதில்லை. அரையிறுதியில் அப்படி இறக்கிய அணியிடம் அடி வாங்கியிருக்கிறோம். ஆனால் திங்கட்கிழமை ஆலைக்குப் போனால் நெல் கிண்டுகிற அக்காமார் வந்து, "அந்த இரண்டாவது கோல் போட்டது யார் வீட்டுப் பையன்?" என்று கேட்கிறார்கள். இங்கே இருவர் சந்தித்தால் முதல் கேள்வியே "எந்த ஊர்?" என்பதுதான், நகரத்தார் என்றால் பிரிவை அறியக் கூடவே "எந்தக் கோயில்?" அந்தக் கேள்விக்கு அணியிலும் பதில் இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. உங்கள் ஊரில் வேறு முடிவு எடுக்கலாம். ஆனால் தொடருக்கு முந்தின இரவு எடுக்காதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இதேபோல இன்னும் ஒன்றிரண்டு தீர்மானங்கள் போதும். முன்னிலையில் இருக்கும்போது அடிபட்டதாகப் படுத்து நேரம் கடத்துவதில்லை என்பது எங்களுடையது. நடுவரோடு கேப்டன் மட்டுமே பேசுவார் என்பது இன்னொன்று; இதைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம், தேவகோட்டைக்காரர்களோடு ஆடும்போது முக்கியமாக.

தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் என்ன செய்வது? 4-4-2 போகலாம், த்ரோ-இன் திட்டம் போகலாம், நானும் போகலாம். குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டது மட்டும் மாறாமல் இருக்கட்டும். ஆட்டத்தை மாற்றுவதானால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எது பலன் தந்தது என்று அப்போதுதான் தெரியும்.

ஜெர்ஸி வாங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேண்டாம். செம்மண் ஒரே ஆட்டத்தில் அதைக் காவியாக்கிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. அரக்கு அல்லது கருநீலம் எடுங்கள். எதிரணியும் அதே நிறத்தில் வந்து நின்றால் மாற்றிக்கொள்ள வெளிர் நிறத்தில் மலிவான இரண்டாவது செட் ஒன்று. கோல்கீப்பருக்கு இரண்டிலும் சேராத நிறம் வேண்டும். மஞ்சள் எடுத்துவிட்டால் தொல்லையில்லை.