போர்வையை விலக்கும் முன் கேளுங்கள்

நர்ஸிங் வேலையில் நான் பார்த்த அவமதிப்புகளில் பெரும்பாலானவை அவசரத்தில் நடந்தவை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு அம்மாவுக்கு டயாப்பர் மாற்றுகிறார்கள். ஸ்கிரீன் பாதிதான் இழுத்திருக்கிறது, போர்வை மொத்தமும் காலடியில் கிடக்கிறது. நாளைக்கு யாருக்கு நைட் ட்யூட்டி என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பக்கவாதத்தால் பேச்சு போன அந்த அம்மா, வேலை செய்யும் ஒரே கையால் போர்வையின் நுனியைத் தேடுகிறார். "கையை எடுங்கம்மா" என்று அந்தக் கையையும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

அந்தக் கையை இடைஞ்சலாக நினைத்ததுதான் பெரிய தவறு. அவரிடம் மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

ஸ்கிரீனை முழுக்க இழுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, ஒரு நிமிடம் பொறுங்கள். உடம்பு துடைக்கும்போது கை திறந்திருந்தால் மற்றதெல்லாம் மூடியிருக்கட்டும். துடைத்த இடத்தை உலர்த்தி மூடிய பிறகு அடுத்த பக்கம் போகலாம். முகத்தைத் தானே துடைக்க முடிந்தவரிடம் துணியைக் கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் நேரமானாலும் சரி.

டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ளவர் குளிக்க மறுத்தால் "அடம்பிடிக்கிறார்" என்று எழுதிவைக்கிறோம். குளிராக இருக்கலாம், வலியாக இருக்கலாம், முன்பின் தெரியாத ஒருவர் உடையைக் கழற்றுகிறாரே என்ற பயமாகவும் இருக்கலாம். அரை மணி கழித்து வேறொருவர் கேட்டால் அவரே வந்துவிடுவதும் உண்டு. குளியலை நாளைக்குத் தள்ளலாம். ஆனால் மலம் பட்ட தோலை அப்படி விட முடியாது. அது வெந்து புண்ணாகிவிடும். மனசாட்சி உறுத்தும் இடம் இதுதான். அப்போதும் தவிர்க்கவே முடியாததை மட்டும், அவருக்குப் பழகிய ஆளை வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யுங்கள். நடந்ததை மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை எப்படிச் செய்வது என்று மருத்துவரோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

வாய்விட்டுச் சொல்லாதவருக்கு வலியே இல்லை என்று விட்டுவிடுவதும் இதே வகைதான். டிமென்ஷியா முற்றியவர்களின் வலியை அறிய 2003-இல் வெளியான 'பெயினாட்' என்ற அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. திருப்பிப் படுக்கவைக்கும்போது முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

"விழுந்துவிடுவார்" என்று கையைக் கட்டிவைப்பதும், கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிடுவதும் பாதுகாப்பு போலத் தோன்றும். கம்பிமேல் ஏறி விழுகிறவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். கட்டிப்போட்டவருக்குத் தசை தளர்கிறது, புண் வருகிறது, குழப்பமும் கூடுகிறது. இரவில் எழப் பார்க்கிறவர் பல நேரம் கழிவறைக்குத்தான் எழுகிறார். அதை முதலில் கேளுங்கள், கட்டிலைத் தாழ்த்திவையுங்கள்.

எண்பது வயதுக்காரரை "செல்லம், சமத்தா வாயைத் திற" என்று கொஞ்சாதீர்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரையே கேட்டு, அப்படியே கூப்பிடுங்கள். ட்யூட்டி மாறும்போது "நேத்து ரெண்டு தடவ படுக்கையிலயே போயிட்டார்" என்று வார்டே கேட்கச் சொல்லாதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, முகத்தை மறைத்திருந்தாலும், கூடவே கூடாது. சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறையை 2021-இல் திருத்தியபோதும், நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது செவிலியரின் கடமையாகவே நீடிக்கிறது.

சக ஊழியர் தவறு செய்வதைப் பார்த்தால், முதலில் அந்த ஸ்கிரீனை நீங்களே இழுத்துவிடுங்கள். பேச வேண்டியதை வெளியே வந்து தனியாகப் பேசிக்கொள்ளலாம். அடித்தாலோ, உணவை நிறுத்தி மிரட்டினாலோ மட்டும் தனியாகப் பேசி முடித்துவிடாதீர்கள். அன்றைக்கே எழுத்தில் மேலதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.