மொரிசியஸில் மாணவர் குடித்தனம்: வீடு, சமையல், செலவு

ரெடுவியிலுள்ள மொரிசியஸ் பல்கலைக்கழகத்திலோ பக்கத்துக் கல்லூரிகளிலோ படிக்க வருபவர்கள் பெரும்பாலும் வாடகையை மட்டும் பார்த்து அறை பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்த மலிவான அறை மூன்றே மாதத்தில் கையைக் கடிக்கலாம். ஊரின் உயரம், தண்ணீர், பேருந்து மூன்றையும் பார்த்த பிறகுதான் வாடகை பேச வேண்டும்.

தீவு சிறியதுதான், ஆனால் ஊருக்கு ஊர் வானிலை வேறு. கடலோர போர்ட் லூயிஸில் ஜனவரி வெயில் வாட்டும். ஏசி போட்டால் மின்கட்டணம் ஏறும், யூனிட் கூடக் கூட விகிதமும் கூடும். சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பீப்பில் மழையும் ஈரமும். ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாது, சுவரில் பூஞ்சை படரும், இட்லி மாவு பொங்காது (விளக்கு எரியும் ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்தால் பொங்கும்). புதிதாக வருபவர்களுக்கு நடுவாந்தரமான ரோஸ்ஹில், காத்ர போர்ன் பக்கமே எங்கள் சிபாரிசு. இரண்டு ஊரிலும் மெட்ரோ நிற்கிறது. ரோஸ்ஹில்லில் இருந்து எபேன் வழியாக ரெடுவிக்குக் கிளைத்தடமும் உண்டு. பேருந்தை மட்டும் நம்பும் ஊரென்றால், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். இருட்டிய பிறகு பல தடங்களில் வண்டி இருக்காது. டாக்சிக்குத்தான் காசு போகும்.

அறையைப் பார்க்கும்போது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வறட்சி வந்தால் குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு 500 லிட்டர் தொட்டி ஒரு நாளைத்தான் தாண்டும். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே மின், தண்ணீர் மீட்டர் இரண்டையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது.

கேஸ் கணக்கில் பலரும் ஏமாறுகிறார்கள். இங்கே வீட்டு சிலிண்டர் 12 கிலோ. பல வீடுகளில் குளிக்க வெந்நீரும் கேஸ் ஹீட்டரில்தான். 10 கிலோவாட் ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் ஏறக்குறைய 130 கிராம் கேஸ் போகும். நான்கு பேர் தினம் குளித்தால் சமையலுக்கு முன்பே சிலிண்டர் 23 நாளில் காலி. சூரிய ஹீட்டர் உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை தரலாம். கேஸ் ஹீட்டர் குளியலறைக்கு உள்ளேயே இருந்து ஜன்னலும் இல்லையென்றால் அந்த வீடே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காய்கறிக்குக் காத்ர போர்ன் சந்தை. புதன், சனியில் போங்கள். வியாழன், ஞாயிறு அங்கே துணிக்கடைதான். சொல்லும் விலை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு. கிலோ விலை என்று நினைத்து வாங்கிவிட்டு முழிப்பவர்கள் அதிகம். கடைக்காரர் தமிழராகவே இருந்தாலும் பேச்சு கிரியோலில்தான் (பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி) நடக்கும்: வெண்டைக்காய்க்கு லாலோ, பாகற்காய்க்கு மார்கோஸ், முருங்கைக் கீரைக்கு ப்ரேத் முரும். அரிசியில், அரசு விலை வைத்த ரேஷன் அரிசி கார்டு இல்லாமலே கிடைக்கும். குருணை கலந்திருக்கும், சாம்பார் சாதத்துக்குத் தாராளமாகப் போதும். ஒருவர் இரு வேளை சமைத்துச் சாப்பிட மாதம் 6 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் கணக்கு. மதியத்துக்குத் தெருவோர டால் பூரி ஒரு ஜோடி; அதைவிட மலிவாக வயிறு நிறைவது கடினம்.

ஊரிலிருந்து மிக்சி கொண்டுவந்தால் பிளக் மாற்ற வேண்டிவரும். மின்னழுத்தம் 230 வோல்ட், கவலையில்லை; ஆனால் இங்குள்ள சாக்கெட் பிரிட்டிஷ் சதுர முள்ளுக்கானது.

புயல் காலம் நவம்பர் முதல். எச்சரிக்கை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை ஏறும். ஒன்றாம் வகுப்பு அறிவித்ததுமே குடிநீர், பேட்டரி, அவல், ரொட்டி, டின் மீன் வாங்கிவிடுங்கள். இரண்டுக்குக் காத்திருந்தால் ரொட்டி அலமாரி காலியாகியிருக்கும். மூன்று வந்தால் வெளியே போகவே கூடாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் இழுத்துப் போனது. புயல் ஓய்ந்த பிறகும் சில வாரங்களுக்குக் கீரை, தக்காளி, கொத்தமல்லி விலை எகிறும். அந்த நாட்களை ஓட்டப் பருப்பும் உருளைக்கிழங்கும் முன்பே வாங்கி வையுங்கள்.