ஏரிதானே என்று இறங்காதீர்கள்: தனியாகத் துடுப்பு வலிப்பவர்கள் செய்யும் தவறுகள்

"கடலா என்ன, ஏரிதானே!" பாதித் தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி 563 கிலோமீட்டர் நீளம். சைபீரியாவின் பைக்கால் 636. ஏரி அலை கடல் அலைபோல நிதானமாக ஏறி இறங்காது. குட்டையாக, செங்குத்தாக, நெருக்கி நெருக்கி வரும். ஓர் அலையிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து அறையும்.

அப்புறம் நாள் கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 40 கிலோமீட்டர். சுப்பீரியரை 14 நாளில் முடித்துவிடலாம். காகிதத்தில் எல்லாம் சரி. எதிர்க்காற்று எழுந்தால் அதே உழைப்புக்குப் பாதித் தூரம் போனாலே பெரிது. சில நாள் கரையிலேயே உட்கார்ந்திருக்க நேரும். ஊர் திரும்ப டிக்கெட் எடுத்துவைத்துவிட்டு, அந்தத் தேதிக்காக அலையில் இறங்குவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, ஏரியின் பக்கமிருந்து காற்று கிளம்பும். அதனால் விடியும்போதே புறப்பட்டு, மதியத்துக்குள் கரையேறிவிடுவது நல்லது.

ஏமாற்றுவதில் கெட்டிக்காரக் காற்று ஒன்று உண்டு: கரையிலிருந்து ஏரிக்குள் வீசுவது. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தட்டுப்போல இருக்கும். அலை வளரக் காற்றுக்கு ஓட இடம் வேண்டும். கரையோரத்தில் அந்த இடம் இல்லை, அவ்வளவுதான். அரை மணி நேரம் உள்ளே போனதும் அலை பெருகியிருக்கும், திரும்ப நினைத்தால் முகத்தில் அடிக்கிற காற்றை எதிர்த்து வலிக்க வேண்டும். குடாவைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக வெட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வெயிலைப் பார்த்து உடை போடுவது அடுத்த தவறு. ஜூன் மாதத்திலும் சுப்பீரியரின் நடுப்பகுதியில் தண்ணீர் 4, 5 டிகிரியில் இருக்கும். குளிர்நீர் விபத்துகளுக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அதன்பின் சுமார் 10 நிமிடம்தான் விரல்கள் சொன்னதைக் கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தண்ணீர் குடிக்காமல் மிதக்க வேண்டுமென்றால் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. அவசர அழைப்புக் கருவியும் அப்படித்தான். மூட்டையில் இருந்தால் அது படகோடு போய்விடும். ஆளில்லாத படகைக் காற்று தள்ளும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது என்பதால், படகோடு உங்களைப் பிணைக்கும் கயிறும் தேவை. விழுந்தபின் படகில் ஏறுவதைப் புறப்படுமுன்பே ஆழமில்லாத தண்ணீரில் பழகிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தொற்றினால் படகு கவிழப் பார்க்கும். பின்பக்கமாக ஏறிப் பாருங்கள்.

துடுப்பு வலிப்பவருக்கு முதுகுதான் முன்னால் போகிறது. அடிக்கடி திரும்பிப் பார்த்துக் கழுத்தை நோகடிப்பதைவிட, விட்டுவந்த கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு குன்றையும் நேர்க்கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் விலகத் தொடங்கினால் பக்கக்காற்று உங்களைத் தள்ளுகிறது. அதற்காகத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்றில்லை. பாறையும் எதிரே வரும் படகும் கோட்டைப் பார்த்து ஒதுங்காது.

கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதால் வரும் கொப்புளத்தைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாளே கை சொல்லிவிடும்.

கடைசியாக, ராத்திரி படகை விடும் இடம். கடலில்போல நீர்மட்டம் ஏறி இறங்கும் ஓதம் ஏரியில் பெரிதாக இருக்காது என்று நம்பி, தண்ணீருக்கு ஓரடி தள்ளிப் படகை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். ஆனால் பலத்த காற்று ஏரித் தண்ணீரையே ஒரு பக்கம் ஒதுக்கிக் குவிக்கும். காற்று நின்றதும் அது தொட்டித் தண்ணீர்போல மறுபக்கம் சாயும். வட அமெரிக்காவின் ஆழம் குறைந்த ஈரி ஏரியில் இரு முனைகளுக்கும் நீர்மட்டம் 2 மீட்டருக்குமேல் வேறுபட்டதுண்டு. தனியாக வந்தவருக்குப் படகு போனால் வீடும் வாகனமும் சேர்ந்து போன மாதிரி. அதனால் எவ்வளவு அசதியானாலும், படகை மேட்டுக்கு இழுத்து மரத்தில் கட்டிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.