முதல் கப்பலைத் தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

விடுப்பு முடிந்து கப்பலேற மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாகர்கோவில் ரயில். மதுரையில் இரண்டு பையன்கள் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் மடியிலும் தடித்த பிளாஸ்டிக் கோப்பு. தூங்கும்போதுகூட அதைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். கப்பல் படிப்பு முடித்தவர்கள் என்று கேட்காமலே தெரிந்தது.

"மும்பையில் யாரைத் தெரியும் தம்பி?"

"யாரையும் தெரியாது அண்ணா. பேலாப்பூரில் ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். துபாயில் கப்பல். சுற்றுலா விசாவில் போனால் போதுமாம், அங்கே மாற்றித் தருவார்களாம்."

2012இல் நானும் இதே வண்டியில், இதே பதிலை வைத்துக்கொண்டு போனேன். இன்று ஒரு கப்பலில் போசனாக இருக்கிறேன், அதாவது மேல்தளப் பணியாட்களுக்குத் தலைவன். சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து கப்பலுக்குப் போன முதல் ஆள் நான்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லாமல் நான் செய்த தவறுகளையே அந்தப் பையன்களும் வரிசையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

வேலைக்காக ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள் என்பதைத் தனித் தலைப்பாக எழுதப்போவதில்லை. மாலுமியிடம் வேலைக்குக் கட்டணம் வாங்குவதை இந்தியச் சட்டம் தடை செய்கிறது. இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் தடை செய்கிறது. மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், சி.டி.சி. (மாலுமியின் கடல் சேவை பதிவாகும் புத்தகம்) ஆகியவற்றின் செலவை மட்டுமே நம் தலையில் வைக்கலாம். விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. இதெல்லாம் பையன்களுக்குத் தெரியும். தெரிந்தும் கொடுக்கிறார்கள். கொடுக்க வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் தவறுகள் அதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

படிப்பை முடித்துவிட்டுக் கப்பலைத் தேடுவது

பொறியியல் படித்தவன் சான்றிதழோடு வேலை தேடலாம். கப்பலில் படிப்பு பாதிதான். கடலில் வேலை செய்த நாட்கள் பதிவாகாமல் அந்தச் சான்றிதழை வைத்து அடுத்த படிக்குப் போக முடியாது. ஒரு சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். அதில் பயிற்சியாளனுக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. உயிர்காப்புப் படகில் எத்தனை பேருக்கு இடம் உண்டோ அத்தனை பேர்தான் கப்பலில் இருக்கலாம். அனுபவமில்லாத ஒருவனை ஏற்றினால் அவனுக்கும் ஓர் அறை, படகில் ஓர் இருக்கை, விமான டிக்கெட் எல்லாம் வேண்டும். பயிற்சி நிலையங்களோ ஆண்டு முழுக்கப் பையன்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நெருக்கடி தொடங்குவது இங்கேதான். சிபாரிசு அதன் பிறகு நுழைகிறது.

அதிகாரி வரிசைக்குப் போகிறவர்கள் இதில் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். டன்னேஜ் வரிச் சலுகை (கப்பலின் டன் அளவை வைத்து வரி கட்டும் முறை) பெறும் இந்தியக் கப்பல் நிறுவனங்கள் பத்து அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி அதிகாரியை எடுக்க வேண்டும் என்பது 2004இலிருந்து உள்ள நிபந்தனை. அதனால் நிறுவனமே தேர்வு வைத்து, ஸ்பான்சர் கடிதம் கொடுத்துப் படிக்க அனுப்புவது உண்டு. அந்தக் கடிதம் கைக்கு வருமுன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். ஜி.பி. ரேட்டிங் (அதிகாரி அல்லாத பணியாளருக்கான படிப்பு) பையன்களிலும் சிலரை நிறுவனங்கள் படிப்புக்கு முன்பே தேர்ந்தெடுக்கின்றன. அந்த வழியை முதலில் தட்டிப் பாருங்கள்.

அது கிடைக்காமல் சேருவதாக இருந்தால், "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்ற பலகையின் கீழ் உட்கார்ந்திருப்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடைசி இரண்டு அணிகளில் படித்த பத்துப் பேரின் தொலைபேசி எண். எங்கள் வகுப்பில் நாற்பது பேர். நேர்காணல் என்று ஒரே ஒரு நிறுவனம் வந்து ஆறு பேரை எடுத்தது. மீதிப் பேருக்குச் சான்றிதழோடு நல்வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அதற்காக இரண்டு ஏக்கரை அடகு வைத்திருந்தார். பத்துப் பேரின் எண்ணைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

பணம் கட்டும் முன் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் நிறக்குருடு சோதனை செய்துகொள்ளுங்கள்.

எந்தக் கப்பலானாலும் சரி என்று ஏறுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு ஆறாத விஷயம் இது.

படிப்பு முடித்துப் பதினான்கு மாதம் சும்மா இருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "எப்போது கப்பல்?" என்று கேட்பார்கள். கோயில் கொடைக்குக்கூட வெளியே போகாமல் இருந்தேன். அந்த நேரத்தில் இரண்டு வாய்ப்புகள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, இந்தியக் கரையோரமாக நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பலில் பயிற்சி இடம். பாரதீப்பில் ஏற்றி எண்ணூரில் இறக்கும் ஓட்டம். உதவித்தொகை சொற்பம். உடன் படித்த ஒருவனின் அண்ணன் சொல்லி வந்த இடம் அது. இன்னொன்று, பேலாப்பூர் ஏஜென்ட் சொன்ன வளைகுடாக் கப்பல். மாதம் 400 டாலர்.

நான் டாலரை எடுத்தேன். அடகு வைத்த நிலம் கண்ணில் நின்றது. கடலில் இருந்தால் போதும், எந்தக் கப்பலாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். ரயிலில் பார்த்த பையனும் அதையே, சொல் மாறாமல் சொன்னான்.

நான் ஏறியது ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களுக்கு நன்னீரும் உணவுப் பொருளும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறு படகு. 280 டன். துருவைத் தட்டினால் தகடே பெயர்ந்து வரும். நான்கு பேருக்கு ஓர் அறை, அதில் ஏ.சி. வேலை செய்தால் அது நல்ல நாள். நான்காவது மாதத்திலிருந்து சம்பளம் இல்லை. ஒன்பது மாதம் இருந்தேன். அந்தக் கஷ்டத்தை நான் பெரிதாகச் சொல்லவில்லை, கடலில் எல்லோரும் ஏதோ ஒரு கஷ்டம் பட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பது மாதமும் கணக்கில் வரும் என்ற ஒரே நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேப்டன் என் சி.டி.சி.யில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினார்.

ஊருக்கு வந்து அடுத்த சான்றிதழுக்காகச் சென்னையில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பக்கத்தைப் புரட்டினார். "இந்தக் கப்பலின் ஐ.எம்.ஓ. எண் எங்கே?" என்று கேட்டார். கப்பலின் நிலையான அடையாள எண் அது. என்னிடம் பதில் இல்லை. "உன்னை அனுப்பிய நிறுவனத்தின் உரிம எண்?" அதுவும் இல்லை. கணினியில் என் இண்டோஸ் எண்ணை, அதாவது அரசின் மாலுமிப் பதிவேட்டில் எனக்குள்ள எண்ணை, போட்டுப் பார்த்தார். நான் கடலுக்குப் போனதற்கான பதிவே அதில் இல்லை. அவர் கடுமையாகப் பேசவில்லை. "தம்பி, இது செல்லாது" என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்பது மாதம் பூஜ்யம் ஆயிற்று. நான் வேண்டாம் என்று சொன்ன நிலக்கரிக் கப்பலில் என் நண்பன் அதற்குள் பயிற்சியை முடித்து, கண்காணிப்புப் பணிச் சான்றிதழும் (கப்பலில் முறை வைத்துக் காவல் பார்ப்பதற்கான தகுதி) வாங்கியிருந்தான்.

இதன் கணக்கு இதுதான். பயிற்சியாளனாக ஏறுகிறவனுக்கு முதலில் அந்தக் கண்காணிப்புப் பணிச் சான்றிதழ் வேண்டும். மேல்தளத்தில் அது 500 டன்னும் அதற்கு மேலுமான கப்பல்களுக்கான தகுதி. அதை வாங்கிய பிறகு ஏ.பி. (தேர்ந்த மாலுமி) ஆவதற்குச் சர்வதேச விதிப்படி இன்னும் 18 மாதக் கடல் சேவை வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்திருந்தால் 12 மாதம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் பதிவின் மேல்தான் நிற்கிறது. முதல் படியே பதிவில்லாமல் போனால், ஐந்து வருடம் கடலில் இருந்தாலும் நீங்கள் புதியவர்தான். அப்படி முப்பது வயதிலும் பயிற்சியாளனாக வளைகுடாவில் அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் கப்பலின் பெயரைச் சொன்னவுடன் ஐ.எம்.ஓ. எண்ணைக் கேளுங்கள். ஏழு இலக்கம். கப்பல் பெயர் மாறும், கொடி மாறும், இந்த எண் மாறாது. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல் சர்வதேசப் பயணம் போகிறதென்றால் இந்த எண் கட்டாயம். எண் இல்லை என்று சொன்னால் அது எவ்வளவு சிறியது என்று அதிலேயே தெரிந்துவிடும். எண் இருந்தால் ஈக்வாசிஸ் என்ற கப்பல் தகவல் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பாருங்கள். எத்தனை டன், எந்த வருடம் கட்டியது, எந்தக் கொடி, எந்தத் துறைமுகத்தில் ஆய்வாளர்கள் பிடித்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். பத்து நிமிட வேலை.

அடுத்தது, அனுப்புகிறவரின் ஆர்.பி.எஸ்.எல்., அதாவது மாலுமிகளை வேலைக்கு அனுப்ப அரசு தரும் உரிமம். உரிம எண்ணைக் காட்டினார் என்று நம்பிவிடாதீர்கள். வேறொரு நிறுவனத்தின் உண்மையான எண்ணைத் தன் அட்டையில் அச்சடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) இணையதளத்தில் அந்த நிறுவனத்துக்கு என்ன தொலைபேசி எண் இருக்கிறதோ அதில் கூப்பிட்டு, "இந்தக் கப்பலுக்கு நீங்கள்தான் ஆள் அனுப்புகிறீர்களா?" என்று கேளுங்கள். அட்டையில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டால் அட்டை கொடுத்தவர்தான் எடுப்பார். உரிமம் உள்ள நிறுவனம் அனுப்பினால் உங்கள் சைன்-ஆன், சைன்-ஆஃப் (கப்பலில் ஏறியது, இறங்கியது) இரண்டும் அரசுப் பதிவில் ஏறும். எனக்குக் கேப்டனின் முத்திரை இருந்தது, இந்தப் பதிவு இல்லை.

சுற்றுலா விசா என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கப்பலேறப் போகிறவன் சுற்றுலாப் பயணியாகப் போனால் அவன் அங்கே மாலுமியே இல்லை. கைவிடப்பட்டால் கேட்க ஆள் இருக்காது. 2024இல் மட்டும் உலகெங்கும் 300க்கும் மேற்பட்ட கப்பல்களில் மாலுமிகள் சம்பளமின்றிக் கைவிடப்பட்டார்கள். அவர்களில் எந்த நாட்டவரையும்விட இந்தியர்கள்தான் அதிகம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல் என்றால், 2017இலிருந்து நான்கு மாதச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருந்தாக வேண்டும், அதன் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். நான் இருந்த படகில் அப்படி எதுவும் ஒட்டியிருந்ததில்லை. ஒட்டியிருக்க வேண்டும் என்று ஒரு காலம் வரும் என்றும் எங்களுக்குத் தெரியாது.

நான் இன்னும் கோபப்படுவது ஏஜென்ட் மீது மட்டுமல்ல. என் கையில் நல்ல இடம் ஒன்று இருந்தது, டாலருக்காக அதை விட்டேன். முதல் கப்பலில் எவ்வளவு தருவார்கள் என்று கேட்காதீர்கள். சி.டி.சி.யில் என்ன ஏறும் என்று கேளுங்கள். கரையோரக் கப்பல் ஆகட்டும், உதவித்தொகை குறைவாக ஆகட்டும், முறையான பதிவு கிடைக்கிறதென்றால் ஏறிவிடுங்கள். நான் கடைசியில் அப்படித்தான், இரண்டு வருடம் தாமதமாக, ஒரு கரையோரக் கப்பலில் பயிற்சியாளனாக மறுபடி தொடங்கினேன்.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வருவது

பாஸ்போர்ட்டும் சி.டி.சி.யும் யாருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறதோ, நீங்கள் அவருடைய ஆள். நகல் கொடுங்கள்.

ஊரில் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்புவது

இருநூறு முகவரிக்கு ஒரே விண்ணப்பம் அனுப்பினேன், ஒரு பதில்கூட வரவில்லை. பயிற்சியாளர்களின் மின்னஞ்சலைத் திறந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை எடுத்து, பெரியவை, சிறியவை எல்லாவற்றுக்கும் நேரில் போங்கள். மும்பையில் தங்குவதற்கு, மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்திய மாலுமிகள் இல்லம் இருக்கிறது. கடலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் அங்கே டீ குடித்துக்கொண்டு பேசுவதைக் கேட்டாலே எந்த நிறுவனம் பயிற்சியாளனை எடுக்கிறது என்று தெரியும்.

ஒரு முறை போய்விட்டு நிறுத்தாதீர்கள். பயிற்சி இடம் திடீரென்றுதான் காலியாகும். ஏற வேண்டியவன் காய்ச்சலில் படுத்தால் மறுநாளே வேறு ஆள் வேண்டும். அப்போது வாசலில் நிற்பவனுக்கு, மருத்துவச் சான்றிதழும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் தயாராக இருப்பவனுக்கு, அது கிடைக்கும்.

"எனக்கு ஆள் இல்லை" என்று இருந்துவிடுவது

சிபாரிசு என்றால் மாமா, சித்தப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே சிபாரிசு செய்யும் இடத்தில் இருக்கிறேன். நிறுவனத்திலிருந்து போசனைக் கேட்பார்கள்: "நல்ல பையன் யாராவது இருக்கிறானா?" எனக்கு நினைவு வருவது, எப்போதோ ஒழுங்காக, சுருக்கமாகப் பேசி, சொன்ன நாளில் மறுபடி கூப்பிட்ட பையன். அவன் எந்த ஊர், யார் மகன் என்பது எனக்கு முக்கியமில்லை. என் பழைய நிலக்கரிக் கப்பல் வாய்ப்பும் உடன் படித்தவனின் அண்ணன் வழியாகத்தான் வந்தது. உங்களுக்கு முந்தைய அணிகளில் படித்து இப்போது கடலில் இருப்பவர்களைக் கண்டுபிடியுங்கள். வேலை வாங்கித் தரச் சொல்லாதீர்கள், அவர்கள் நிறுவனத்தில் எப்போது, யார் ஆள் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல யாரும் தயங்குவதில்லை.

சான்றிதழ்களின் தேதியை மறப்பது

தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளை ஐந்து வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். காத்திருக்கும் காலத்திலும் அந்தத் தேதி ஓடிக்கொண்டிருக்கும்.

ரயிலில் அந்தப் பையன்களிடம் கப்பலின் பெயரைக் கேட்டேன். கப்பலின் பெயரை மட்டும்தான் ஏஜென்ட் சொல்லியிருந்தார். போன் செய்து ஐ.எம்.ஓ. எண்ணைக் கேட்கச் சொன்னேன். முதலில் "அனுப்புகிறேன்" என்றார். இரண்டாவது முறை "உனக்கு எதற்கு அது?" என்று கத்தினார். மூன்றாவது முறை எடுக்கவில்லை. ஒருவன் தாதரில் என்னோடு இறங்கி மாலுமிகள் இல்லத்துக்கு வந்தான். மற்றவனின் வீட்டில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தார்கள். அவன் பேலாப்பூருக்குப் போனான். என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.