டஞ்சன் வரைபடம் கையால் வரைகிறீர்களா? இங்கேதான் சறுக்கும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஒரு மேசை ஆர்பிஜியை (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடும் விளையாட்டு) நடத்தக் கிளம்பும் புதியவர் பெரும்பாலும் முதல் வேலையாக ஒரு கண்டத்தையே வரைய உட்காருவார். வளைந்து நெளியும் கடற்கரை, ஏழு ராஜ்யங்கள், மூன்று மலைத்தொடர்கள். ஆட்டக்காரர்களோ மாதக்கணக்கில் ஒரு கிராமத்தையும் அதன் பக்கத்துக் குகையையும் தாண்ட மாட்டார்கள். 1974இல் வந்த அந்த விளையாட்டின் முதல் பதிப்பே காட்டுவழிப் பயணத்துக்கென்று சொந்த வரைபடம் எதையும் தரவில்லை. அவலான் ஹில் நிறுவனம் 1972இல் வெளியிட்ட 'அவுட்டோர் சர்வைவல்' என்ற வேறொரு போர்டு கேமின் பலகையை வைத்துச் சமாளித்துக்கொள்ளச் சொன்னது. கண்டத்துக்கு அவசரமில்லை. இந்த வார ஆட்டத்துக்கு வேண்டியது கட்டம் போட்ட ஏ5 நோட்டில் ஒரே பக்கத்தில் அடங்கும் ஒரு டஞ்சன், அதாவது பூதமும் பொறியும் பொக்கிஷமும் ஒளிந்திருக்கும் நிலவறைக் கூட்டம்.

அதில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது ஒற்றைப் பாதை. வாசல், நடை (அறைகளை இணைக்கும் குறுகிய வழி), அறை, மறுபடி நடை, மறுபடி அறை, கடைசியில் பெரிய பூதம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆட்டக்காரருக்கு அங்கே முடிவெடுக்க ஒன்றுமில்லை. கதவைத் திறக்கிறார், சண்டை போடுகிறார், அடுத்த கதவைத் திறக்கிறார். மேசையில் வைக்கும் வரைபடத்தின் வேலையே "எந்தப் பக்கம் போகலாம்?" என்று நாலு பேரை வாக்குவாதம் செய்ய வைப்பது. இந்த விஷயத்தில் டஞ்சன் வடிவமைப்பாளர் ஜெனல் ஜாக்வேஸின் பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் 1979இல் வெளியிட்ட அவருடைய 'கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேஷியா' என்ற சாகசப் புத்தகத்தில் உள்ளே நுழையவே பல வழிகள் உண்டு. பாதைகள் சுற்றிவந்து ஒன்றோடொன்று சேரும், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்கவும் பல இடங்கள் இருக்கும். டஞ்சன் வரைகிறவர்கள் இன்றும் அதை எடுத்துவைத்துப் படிக்கிறார்கள்.

சின்னப் படத்திலும் இதைச் செய்யலாம். ஐந்து அறைகள் என்று வைத்துக்கொள்வோம்: வாசல், காவலர் அறை, கிணறு, சன்னதி, பொக்கிஷம். வரிசையாகக் கோத்தால் ஒற்றைப் பாதைதான். வாசலிலிருந்து கிணற்றுக்கு ஒரு நடை, கிணற்றின் அடியிலிருந்து பொக்கிஷ அறைக்கு ஒரு ஈரச் சுரங்கம் என்று இரண்டு கோடுகள் கூடுதலாகப் போடுங்கள். காவலரோடு மோதிப் போகலாம். இல்லையென்றால் கயிறு கட்டி இறங்கி, தீப்பந்தம் அணைந்துபோகும் ஆபத்தோடு தண்ணீரில் நடந்து போகலாம். சத்தம் கேட்டால் காவலரும் சுற்றிக்கொண்டு பின்னால் வரலாம், அதுதான் இதில் ருசியே. அதற்காக எல்லா அறையையும் எல்லா அறையோடும் இணைத்துவிடக் கூடாது. இரண்டு வழிகளுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் ஆட்டக்காரர் நாணயத்தைச் சுண்டிப் போட்டுவிட்டு நடப்பார்.

அடுத்தது அளவு. பழைய டஞ்சன்களில் ஒரு கட்டம் என்றால் பொதுவாகப் பத்தடி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து சண்டைக்கு ஐந்தடிக் கட்டமே வழக்கமாகிவிட்டது. படத்தின் ஓரத்தில் எது என்று எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. ஐந்தடிக் கணக்கில் இருபதடிச் சதுர அறை என்பது பதினாறே கட்டம். ஐந்து ஆட்டக்காரர்களும் நாலு காப்ளின்களும் (குட்டிப் பூதங்கள்) நின்றால் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். அப்புறம் யாரும் நகர முடியாது, நின்ற இடத்திலேயே பகடை உருட்ட வேண்டியதுதான். சண்டை நடக்கப்போகும் அறையை மட்டுமாவது தாராளமாக வரையுங்கள். நடையை அகலமாக்கத் தேவையில்லை, அங்கே நெரிசல் நல்லது.

மை விஷயத்தில் எல்லாரும் செய்வது அவசரம். பென்சிலில் போட்டு, 0.5 பேனாவால் சுவரை மட்டும் அழுத்தி இழுத்து, காய்ந்த பிறகே அழிக்க வேண்டும். மேசை, தூண், படிக்கட்டுக்கு மெல்லிய பேனா போதும். எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருந்தால் எது சுவர், எது கட்டில் என்று கண் தேடும். சுவரை ஒட்டிக் கட்டுக்கட்டாகச் சின்னக் கோடுகள் போடும் அந்தப் பிரபலமான பாணியை டஞ்சன் வரைபடக் கலைஞர் டைசன் லோகோஸின் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுகள் பாறை இருக்கும் பக்கம், அதாவது சுவருக்கு வெளியே வர வேண்டும். ஆசையில் உள்ளேயும் போட்டால் தரை இருண்டு, எழுத இடமில்லாமல் போகும். படிக்கட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு அம்புக்குறி போட்டு 'கீழே' என்று எழுதிவிடுங்கள். கலையம்சம் கெட்டுவிடும் என்று பார்க்காதீர்கள்.

அறைக்கு எண் மட்டும் போடுவதும் சங்கடம்தான். ஆட்டத்தின் நடுவே '7' என்றால் என்ன என்று பக்கம் புரட்ட வேண்டும். எண்ணோடு ஒரு சொல் சேருங்கள்: 7 கிணறு, 8 எலும்பு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. 'நூற்றுக்கால் மண்டபம்' என்ற பெயர் 5 மில்லிமீட்டர் கட்டங்களில் எங்கே கொள்ளும்? 'தூண்' என்று எழுதிவிட்டு நீளப் பெயரை ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வெளிநிலத்தையும் வரைந்தே தீருவேன் என்றால் அறுகோணக் கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஆறு மைல் என்ற கணக்கு வசதியானது. ஐந்தாம் பதிப்பு விதிப்படி சாதாரண வேகத்தில் ஒரு நாள் நடை 24 மைல், அதாவது நாலே கட்டம். நதிகளில் பலர் தடுக்கி விழுவார்கள். ஆறுகள் மேட்டிலிருந்து இறங்கி ஒன்றோடொன்று சேரும், சும்மா இரண்டாகப் பிரியாது. திருச்சி பக்கம் முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிறதே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அது கடலை நெருங்கும் சமவெளி. மலையுச்சியில் அப்படிப் பிரித்து வைத்தால்தான் இடிக்கும். ஒரே ஏரியிலிருந்து இரண்டு ஆறுகள் இரண்டு கடலுக்கு ஓடுவதும் மிக மிக அபூர்வம்.

கடைசியாக, ரகசியக் கதவையும் பொறியையும் குறித்த அதே தாளை மேசையில் விரித்துவிடும் தவறு. மையில் சுவர்களை மட்டும் போட்டதும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஆட்டக்காரருக்கு. ரகசியங்களை அதற்குப் பிறகு உங்கள் தாளில் மட்டும் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். ஜெராக்ஸில் ரகசியக் கதவு இருக்கும் இடம் முழுச் சுவராகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே விட்ட சின்ன இடைவெளி ஒன்று போதும், மேசையில் யாராவது ஒருவர் அதில் விரலை வைத்துவிடுவார்.