துபாயில் இறங்கியதும் எந்த வண்டியில் ஏறுவது: குமரி மாவட்டத்திலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

வளைகுடாவுக்கு விசா வந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகள், விடுமுறையில் தக்கலைக்கு வந்திருக்கும் என்னைப் போன்றவர்களைத் தேடி வந்து, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்குமா, அறை வாடகை எவ்வளவு, சோறும் மீன்குழம்பும் கிடைக்கிற கடை எங்கே இருக்கிறது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எந்த வண்டியில் ஏறுவது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான். அந்த நினைப்புக்கு என் நண்பரின் தம்பி கொடுத்த விலை பெரிது. அதனால்தான், எனக்குத் தெரிந்த துபாயை வைத்து இதை எழுதுகிறேன்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். மஞ்சள் போர்டு வண்டியை அமர்த்தினால் களியக்காவிளை தாண்டும்போது கேரளத்துக்கு வரி கட்ட வேண்டும் என்பதால், அடுத்த தெரு அண்ணனின் வெள்ளை போர்டு வண்டியைச் சொல்லி வைத்து, டீசலும் பேட்டாவும் கொடுத்து, அம்மா, மாமா, சித்தப்பா பிள்ளைகள் என்று வண்டி நிறைய ஆட்களோடு வழியனுப்பப் போவோம். வழியில் நாம் சாயா குடிக்கும்போது அவரும் நம்மோடு குடிப்பார். சட்டப்படி அது சரியில்லை என்பது ஏறுகிறவருக்கும் தெரியும், ஓட்டுகிறவருக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய வீடு நமக்குத் தெரியும், நம் வீடு அவருக்குத் தெரியும். வண்டியில் மறந்து வைத்த குடைகூட மறுநாள் காலையில் திண்ணைக்கு வந்துவிடும். இந்தப் பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியிருப்பதுதான் அங்கே ஆபத்தாக முடிகிறது.

முறையான ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துபாயில் டாக்ஸிகள் ஆர்டிஏ எனப்படும் சாலைப் போக்குவரத்து ஆணையத்தின் கட்டுப்பாட்டில் ஓடுகின்றன. வண்டியின் உடல் மணல் நிறத்தில் இருக்கும். கூரையின் நிறம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இளஞ்சிவப்புக் கூரை போட்டவை பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியவை. அவற்றைப் பெண்களே ஓட்டுகிறார்கள். விமான நிலையத்துக்கு வெளியே டாக்ஸி வரிசை என்று ஒன்று உண்டு. அதில் போய் நின்றால் வரிசைப்படி வண்டி வரும். யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை, பேசவும் கூடாது. வண்டிக்குள் ஓட்டுநரின் அடையாள அட்டையும் வண்டி எண்ணும் கண்ணில் படும்படி இருக்கும். மெட்ரோவின் சிவப்புத் தடம் ஒன்றாம், மூன்றாம் முனையங்களுக்கு வருகிறது. ஆனால் நம் பக்கத்து விமானங்கள் பலவும் நடுராத்திரியில் இறங்குவதாலும், இரண்டு பெட்டிகளையும் கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏற முடியாது என்பதாலும் முதல் நாள் டாக்ஸியே நல்லது.

கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சறுக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தெருவில் கைகாட்டி ஏறினால் மீட்டர் பகலில் 5 திர்ஹாமில் தொடங்கும். எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 12 திர்ஹாமாவது கொடுக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. ஆப்பில் பதிவு செய்தாலோ, நெரிசல் நேரத்தில் ஏறினாலோ சற்றுக் கூடும். விமான நிலைய வரிசையில் ஏறினால் மீட்டர் 25 திர்ஹாமில்தான் தொடங்கும். புதிதாக வந்தவர் அந்த 25-ஐ உடனே மனதுக்குள் ரூபாயால் பெருக்கி, வண்டி ஒரு முழம் நகரும் முன்பே இவ்வளவா என்று திகைத்துப்போகிறார். ஓட்டுநர் ஏமாற்றுவதாக நினைத்து இறங்கிவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். அது முறையான தொகை. அதன் மேல், வழியில் சாலிக் எனப்படும் சுங்க வாயிலைக் கடந்தால் அதுவும் பயணியின் கணக்கில் சேரும். 2007-இல் தொடங்கியதிலிருந்து ஒரு வாயிலுக்கு 4 திர்ஹாமாக இருந்த சாலிக், 2025 ஜனவரி 31 முதல் வேலை நாட்களின் காலை, மாலை நெரிசல் நேரங்களில் 6 திர்ஹாம் ஆகியிருக்கிறது; நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை சுங்கமே இல்லை.

துபாயிலிருந்து ஷார்ஜாவுக்குப் போனால் 20 திர்ஹாம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். துபாய் டாக்ஸி ஷார்ஜாவில் ஆள் ஏற்ற முடியாமல் காலியாகத் திரும்ப வேண்டும் என்பதே காரணம். திரும்பி வரும் கிலோமீட்டருக்கும் சேர்த்து வாடகை கொடுத்துப் பழகிய நமக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நம் ஆட்கள் இந்த 20 திர்ஹாமுக்காக ஓட்டுநரிடம் நடுரோட்டில் மல்லுக்கு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போகலாம்; யூனியன், அல் குபைபா நிலையங்களிலிருந்து ஷார்ஜாவின் ஜுபைல் நிலையத்துக்கு ஆர்டிஏ பஸ்கள் ஓடுகின்றன.

இனி நண்பரின் தம்பிக்கு நேர்ந்தது. அவன் ஏசி மெக்கானிக் வேலைக்கு வந்தவன். ஊர் திருவட்டார் பக்கம். அழைத்துப் போக வேண்டிய கம்பெனி வண்டி வரவில்லை. டாக்ஸி வரிசையை நோக்கி நடந்தவன், முன்னால் நின்றவர்களிடம் விசாரித்து, மீட்டர் 25-இல் தொடங்கும் என்று கேட்டதும் தயங்கி ஓரமாக நின்றிருக்கிறான். அந்தத் தயக்கத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்கிறவர்கள் அங்கே உண்டு. "மக்கா, நாட்டுக்காரனா? எங்கோட்டு போணும்?" என்று ஒருவர் வந்து பெட்டியைத் தொட்டிருக்கிறார். தனக்குக் களியக்காவிளை என்று சொல்லி, அவன் போக வேண்டிய முஹைஸ்னா பகுதிக்கு 50 திர்ஹாம் போதும், நம்ம ஆளுக்கு அதற்கு மேல் வாங்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் நம்முடையது. பேச்சில் மலையாளம் கலந்து வந்தாலும் நமக்கு அது சொந்தப் பேச்சுதான். அந்நிய ஊரின் நடுராத்திரியில் அந்தப் பேச்சைக் கேட்டதும் பையனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். வண்டியின் நிறத்தையோ எண்ணையோ யார் பார்ப்பார்கள்?

ஏறியபின் வண்டி நேராகப் போகவில்லை. இன்னொரு முனையத்தில் இரண்டு பேரை ஏற்றி, அவர்களை தேராவில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றியபின் முஹைஸ்னாவை அடைந்ததும், பார்க்கிங், சாலிக், காத்திருந்த நேரம் என்று அடுக்கி 120 திர்ஹாம் கேட்டிருக்கிறார் அந்த நாட்டுக்காரர். அதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். தெருமுனையில் சோதனை வண்டி போல ஏதோ தெரியவே, பையனை அவசரப்படுத்தி இறக்கி, டிக்கியிலிருந்து பெட்டிகளை நடைபாதையில் வைத்துவிட்டுக் காரை எடுத்துப் போய்விட்டார். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கிடந்த நீல நிற ஃபைல் பை டிக்கியிலேயே போய்விட்டது. ஐடிஐ சான்றிதழ், முன் அனுபவச் சான்றிதழ்கள், சென்னையிலும் டெல்லியிலும் தூதரகத்திலும் முத்திரை வாங்கிய அட்டஸ்டேஷன் தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

மறுநாள் புகார் சொல்லப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி வண்டி எண். இரண்டாவது, ரசீது. மூன்றாவது, ஓட்டுநரின் பெயரோ தொலைபேசி எண்ணோ. அவனிடம் இருந்த பதில் வெள்ளைக் கார், களியக்காவிளைக்காரர் என்பது மட்டுமே. துபாய் ரோட்டில் எத்தனை வெள்ளைக் கார் ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆள் களியக்காவிளைதானா என்பதே சந்தேகம். பையனின் பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியைப் படித்துவிட்டுக்கூடப் பேசியிருக்கலாம். ஊரில் அப்பா காவல் நிலையத்துக்கு நடந்து, மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, முத்திரைகளை முதலிலிருந்து வாங்கி அனுப்பும்வரை கம்பெனி அவனைச் சான்றிதழ் இல்லாத ஹெல்பராக, ஹெல்பர் சம்பளத்திலேயே வைத்திருந்தது. மீட்டரில் போயிருந்தால் அன்று கொடுத்ததைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும்.

இப்படி உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றுவதற்கு அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்தில் 3000 திர்ஹாம் அபராதமும், ஓட்டுநர் உரிமத்தில் 24 கரும்புள்ளிகளும் உண்டு, வண்டியை 30 நாள் பிடித்தும் வைப்பார்கள். இந்த பயத்தோடு ஓட்டுகிறவர் உங்களை எந்த இடத்தில் வேண்டுமானாலும் இறக்கிவிடுவார். வேலைக்குப் போய்வரக் கார் லிஃப்ட் என்று மாத வாடகைக்கு வைத்துக்கொள்வதும் இதே கதைதான். அனுமதி பெற்று ஓடுகிற வேன்களும் இருக்கின்றன; அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

உரிமம் பெற்ற டாக்ஸியில் பொருளை மறந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை என் மனைவி கைப்பையைப் பின் இருக்கையில் விட்டுவிட்டு வந்தாள். ரசீதில் வண்டி எண் இருந்ததால் 8009090 என்ற ஆர்டிஏ எண்ணில் சொன்னோம்; அன்று மாலையே ஓட்டுநர், பெஷாவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வாசலுக்கு வந்து பையைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்ததைச் சரிபார்த்த பிறகுதான் கிளம்பினார். ஆகையால் இறங்கும்போது ரசீதை வாங்குங்கள். தூக்கம் கண்ணை மூடினாலும் வாங்குங்கள். சான்றிதழ்ப் பையை டிக்கியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்குள் நடந்துகொள்ளும் முறையும் நம் ஊரிலிருந்து சற்று மாறுபட்டது. நாம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதை மரியாதை என்று நினைக்கிறோம்; அங்கே பின்னால் உட்காருவதே வழக்கம், பெண்கள் தனியாகப் போகும்போது கட்டாயம் அப்படித்தான். பின் இருக்கையிலும் பெல்ட் போட வேண்டும். 2017 முதல் இது சட்டம், மீறினால் 400 திர்ஹாம். உள்ளே சாப்பிடக் கூடாது. ஓட்டுநர்களில் பலர் பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், நம் நாட்டவர். பலர் 12 மணி நேர ஷிஃப்டில் கமிஷனுக்கு ஓட்டுகிறவர்கள். 'பாய்' என்று கூப்பிட்டு சலாம் சொன்னால் முகம் மலரும். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கருவாட்டை மூன்று சுற்றுப் பிளாஸ்டிக்கில் கட்டுங்கள். குளச்சல் நெத்திலி வாசம் நமக்கு அம்மாவின் அடுக்களை. அடுத்த பயணி அந்த வண்டியில் ஏறாமல் போனால் நட்டம் ஓட்டுநருக்கு.

போகும் இடத்தை, கோட்டாறு ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து என்கிற மாதிரி சொன்னால் அங்கே வேலைக்கு ஆகாது. துபாயில் ஒவ்வொரு கட்டட வாசலுக்கும் மக்கானி எனப்படும் 10 இலக்க இருப்பிட எண் உண்டு. கட்டடத்தின் முகப்பில் சிறு பலகையில் எழுதியிருக்கும். அறையில் இருக்கும் நண்பரிடம் அந்த எண்ணைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டு, போனில் மட்டும் இல்லாமல் ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

கார்டு வாங்கும் வசதி வண்டிகளில் உண்டு என்றாலும் முதல் நாள் உங்கள் கையில் நோட்டுதான் இருக்கும். நாகர்கோவிலில் பணம் மாற்றும்போது கடைக்காரர் 500 திர்ஹாம் ஒற்றைத் தாளாக நீட்டுவார். வாங்காதீர்கள், 10, 20, 50 என்று சில்லறையாகக் கேளுங்கள், இல்லையென்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.